கடை, லேபிள், விளம்பரம்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூரில் லேபிள், நோட்டீஸ், ஃப்ளெக்ஸ் வடிவமைப்பது என் தொழில். மசாலா பாக்கெட்டிலிருந்து மனைப்பிரிவு நோட்டீஸ் வரை எல்லாம் கைக்கு வரும். அதனாலேயே உறவினர்களும் கடைக்கு வருகிறவர்களும் ஒரே மாதிரிச் சந்தேகங்களை என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

விளம்பரம்னாலே பொய்தானே அண்ணா? இதுல ஆராய என்ன இருக்கு?

நேரடிப் பொய் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பெரிய நிறுவனங்களில் விளம்பர வாசகத்தை வக்கீல் பார்த்த பிறகுதான் அச்சுக்கு விடுவார்கள். பொய் என்று நிரூபிக்க முடிகிற வாக்கியம் அங்கேயே அடிபட்டுவிடும். உண்மையில் எதை முதலில் காட்டுவது, எதைப் பெரிதாக்குவது, எதைப் பாக்கெட்டின் மடிப்புக்குள் தள்ளுவது என்பதில்தான் மூளை செலவாகிறது. சொல்லாத ஒன்றை நாமே நினைத்துக்கொள்ளும்படி விடுவதும் இதில் சேர்த்தி.

இரண்டு வகை வாசகங்களைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ‘உங்கள் காலையை இனிமையாக்கும்’ என்பதை யாரும் அளக்க முடியாது. அது வெறும் புகழ்ச்சி, சட்டமும் கண்டுகொள்ளாது. ‘மூன்று மடங்கு வலிமை’ என்றால் அது அளக்கக்கூடிய கூற்று, ஆதாரம் வேண்டும். அதைப் பார்த்ததும் ‘எதைவிட மூன்று மடங்கு?’ என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். வேறு கம்பெனிப் பொருளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று நாம் நினைத்திருப்போம். எதையுமே பயன்படுத்தாத நிலையோடு ஒப்பிட்டிருப்பார்கள்.

ரூ.500ன்னு போடாம ரூ.499ன்னு போட்டா யாராவது ஏமாறுவாங்களா?

கணக்கில் யாரும் ஏமாறுவதில்லை. ஆனால் இடமிருந்து படிக்கும்போது முதல் எண் நாலு என்று விழுந்துவிடுகிறது. வீட்டில் போய் விலை சொல்லும்போது ‘நானூத்திச் சொச்சம்’ என்றுதான் சொல்வோம். அந்தச் சொச்சத்துக்குள் தொண்ணூற்றொன்பது ரூபாய் ஒளிந்துகொள்கிறது. இன்னொரு பலனும் உண்டு: இப்படிப்பட்ட விலையைப் பார்த்தால், யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு லாபத்தைக் குறைத்த மாதிரி ஒரு தோற்றம் வரும். விலை உயர்ந்த பட்டுப்புடவைக்கு இந்த வித்தையைப் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். அங்கே முழு எண்தான் கௌரவம்.

ஆடித் தள்ளுபடி 50% வரைன்னு வாசல்ல போட்டிருக்கான். உள்ளே போனா பத்து பர்சென்ட்தான். இது செல்லுமா?

கடையில் ஒரு ரகத்துக்காவது உண்மையாகவே 50% இருந்தால் அந்தப் பலகை பொய்யில்லை. ‘50%’ ஆள் உயரம், ‘வரை’ விரல் உயரம். ஆனால் பெயருக்கு நாலு துண்டை வைத்துவிட்டு ஊரையே கூப்பிட முடியாது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், போதிய சரக்கு இல்லாமல் ஆளை இழுக்கும் தூண்டில் விளம்பரத்துக்குத் தனி விதி வைத்திருக்கின்றன. நிபந்தனை வரியும் விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. மேலே தமிழில் கூவிவிட்டு, நட்சத்திரக் குறி போட்டு, அடியில் ஆங்கிலத்தில் முணுமுணுப்பது சரியில்லை. தினமும் நடப்பது வேறு விஷயம்.

கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘50% + 20%’ என்றால் 70% இல்லை. ஆயிரம் ரூபாய்ப் புடவை முதலில் 500 ஆகும், அந்த 500இல் 20% போனால் 400. மொத்தத் தள்ளுபடி 60%. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது 33% தள்ளுபடி, அதுவும் மூன்று சட்டை உங்களுக்குத் தேவைப்பட்டால்தான்.

அடித்துக் காட்டும் பழைய விலைதான் எல்லாவற்றிலும் வலுவானது. ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வரும். ஒரு சக்கரத்தைச் சுழற்றி எண் வரவைத்து, பிறகு ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 வந்தவர்கள் நடுவாக 25 என்றார்கள், 65 வந்தவர்கள் 45 என்றார்கள். கேள்விக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. கண்ணில் முதலில் பட்ட எண் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. ‘ரூ.2,400’ என்று கோடு போட்டு அடித்த எண் அந்தச் சக்கரம் செய்த வேலையைத்தான் செய்கிறது. அந்தப் புடவை என்றைக்காவது 2,400க்கு விற்றதா என்று யாரும் கேட்பதில்லை.

எம்.ஆர்.பி.யை கவர்மென்ட்தானே நிர்ணயம் பண்ணுது? அதைவிடக் கம்மியா தந்தா லாபம்தானே?

இல்லை. மருந்து மாதிரிச் சில பொருட்களுக்கு அரசு உச்சவரம்பு வைக்கிறது. பிஸ்கட், ஷாம்பு, மிக்ஸி எல்லாவற்றுக்கும் எம்.ஆர்.பி.யைப் போடுவது தயாரிப்பாளர்தான். அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக்கூடாது என்பது மட்டுமே சட்டம். அச்சிடும் விலையையே ஏற்றி வைத்துக்கொண்டு ‘எம்.ஆர்.பி.யில் 40% குறைவு’ என்றால், மேலே சொன்ன கோடு போட்ட எண்தான் திரும்ப வருகிறது.

சிவப்பு பார்த்தா பசிக்கும், நீலம் பார்த்தா நம்பிக்கை வரும்னு வீடியோல சொல்றாங்களே, நிஜமா?

இந்த மாதிரிப் பட்டியல்களை அப்படியே நம்பாதீர்கள். நிறம் மந்திரம் கிடையாது, பழக்கம். எல்லாக் கடைக்காரரும் தள்ளுபடிக்குச் சிவப்பும் மஞ்சளும் போடுவதால், அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் தள்ளுபடி என்று கண் படித்துக்கொள்கிறது. விலை குறைக்காத பொருள்மேல் மஞ்சள் அட்டை மாட்டினாலும் கை அந்தப் பக்கம் போவது அதனால்தான். இலை படமும் பச்சையும் இயற்கை, வெள்ளையும் நீலமும் மருந்துக்கடைச் சுத்தம், கறுப்பும் பொன்னும் விலை உயர்ந்தது. எனக்கு வரும் வாடிக்கையாளர்களும் இந்த மொழியில்தான் கேட்பார்கள்: ‘கொஞ்சம் ரிச்சா கறுப்புல போடுங்க தம்பி.’

நிறத்தைவிட விளக்கைக் கவனியுங்கள். நகைக்கடையில் தங்கத்துக்கு மஞ்சள் சாயல் விளக்கு, வைரத்துக்கு வெள்ளை விளக்கு. காய்கறித் தட்டின் மேல், இறைச்சிக் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் தனித்தனி விளக்கு. ஜவுளிக்கடையில் புடவையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்க்கும் நம் அம்மாக்களின் பழக்கம் ரொம்பச் சரியானது. எந்தக் கடைக்காரரும் அதைத் தடுக்க முடியாது.

பச்சைப் புள்ளி இருந்தா அது ஆர்கானிக்தானே?

இல்லை. சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம் என்பதற்கான அரசு முத்திரை, அவ்வளவுதான். பாமாயிலில் பொரித்த சிப்ஸிலும் இருக்கும். இயற்கை வேளாண் பொருளுக்கு ‘ஜைவிக் பாரத்’ முத்திரை தனி. ஆரோவில் பக்கம் விற்கிற பொருள், காக்கிக் காகிதத்தில் கட்டியது, சணல் கயிறு போட்டது என்பதெல்லாம் முத்திரை ஆகாது. சணல் கயிறு மீட்டர் கணக்கில் கிடைக்கிறது.

பாக்கெட் நல்லாப் பெருசா இருக்கு, பிரிச்சா பாதி காத்து. கேட்டா நைட்ரஜன்ங்கறான்.

நைட்ரஜன் உண்மைதான். சிப்ஸ் நொறுங்காமலும் எண்ணெய் சிக்கு அடிக்காமலும் இருக்க அது தேவை. எவ்வளவு தேவை என்பதில்தான் பெருந்தன்மை காட்டுகிறார்கள். உருவத்தைப் பார்க்காமல் நிகர எடையைப் பாருங்கள்.

இதைவிடச் சாமர்த்தியமானது விலையைத் தொடாமல் எடையைக் குறைப்பது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்பது நம் கையில் இருக்கும் நாணயம், நோட்டு. அதை ஏற்றினால் உடனே தெரியும். பாக்கெட்டிலிருந்து ஏழெட்டு கிராம் போனால் தெரியாது. சமையல் எண்ணெயிலும் இதே கதை. ஒரு லிட்டர் எண்ணெய் கிட்டத்தட்ட 910 கிராம். 800 கிராம், 750 கிராம் பாக்கெட்டையும் அதே உயரத்துக்குச் செய்து பக்கத்திலேயே அடுக்கினால், அவசரத்தில் எடுப்பவர் எல்லாவற்றையும் லிட்டர் என்றே எடுப்பார்.

முன்பு பல பொருட்களுக்கு இன்ன எடையில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று அட்டவணை இருந்தது. 2021 இறுதியில் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக அலகு விலையை அச்சிடச் சொன்னது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராமுக்கு இவ்வளவு, மேல் என்றால் கிலோவுக்கு இவ்வளவு என்று எம்.ஆர்.பி. பக்கத்தில் சின்னதாக இருக்கும். பாக்கெட்டிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான். படமும் இல்லை, பாட்டும் இல்லை.

அப்போ பெரிய பாக்கெட்தான் எப்பவும் மலிவு, அப்படித்தானே?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம், கம்பெனிக்கும் அது தெரியும். ஷாம்பில் பல சமயம் தலைகீழ். உதாரணத்துக்கு, 6 மில்லி சாஷே 2 ரூபாய் என்றால் 100 மில்லிக்குச் சுமார் 33 ரூபாய் ஆகிறது. அதே ஷாம்பு 100 மில்லி பாட்டிலில் அதைவிடக் கூடுதலாக இருப்பதைக் கடையில் நீங்களே பார்க்கலாம். அலகு விலையைப் பாருங்கள். சின்ன சாஷேயில் அது இல்லையென்றால் போனில் வகுத்துப் பாருங்கள்.

சாஷே ஷாம்பே நம்ம கடலூர்க்காரங்க ஐடியாதானாமே?

இந்தியாவில் அதைப் பெரிதாக்கியதில் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பாட்டில் வாங்க வசதியில்லாதவர்களும் வாங்கும்படி சின்னச் சின்ன பாக்கெட்டில் பொருட்களை அடைக்கத் தொடங்கியவர். அவருக்குப் பின் மகன்கள் வெல்வெட் ஷாம்பைச் சாஷேயில் கொண்டுவந்தார்கள். அவர்களில் சி.கே. ரங்கநாதன் தனியே பிரிந்து, 1983இல் ரூ.15,000 முதலோடு கடலூரில் சிக் ஷாம்பைத் தொடங்கினார். தந்தை பெயரைச் சுருக்கித்தான் ‘சிக்’. அந்த நிறுவனம்தான் பின்னாளில் கெவின்கேர் ஆனது.

இந்தக் கட்டுரைக்கு இது ஏன் வேண்டுமென்றால், சிக் கம்பெனி செய்த ஒரு திட்டத்துக்காக. முதலில், எந்தக் கம்பெனி காலி சாஷே ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார்கள். ஜனங்களுக்குப் பழகிய பிறகு, காலி சிக் சாஷே கொண்டுவந்தால்தான் என்று மாற்றினார்கள். ஒரு பொய் வார்த்தை கிடையாது. வாங்குபவருக்கு லாபம், பழக்கமும் மாறிவிட்டது. வசீகரிப்பது எல்லாமே மோசடி என்று பேசுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். சாஷே குப்பை கெடிலம் ஆற்றங்கரையில் கிடப்பது வேறு பஞ்சாயத்து.

முன்னாடி ‘இயற்கை’, ‘தூய’, ‘பாட்டி கைப்பக்குவம்’னு இருக்கு. இதையெல்லாம் யாரும் செக் பண்ண மாட்டாங்களா?

உணவுப் பொருள் என்றால் விதி உண்டு. இயற்கை, தூய, புதிய, பாரம்பரிய போன்ற சொற்களை எப்போது போடலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. அதிலிருந்து நழுவ ஒரு வழி, அந்தச் சொல்லையே பிராண்டு பெயராக வைத்துக்கொள்வது. அப்படி வைத்தால் ‘இது வெறும் பிராண்டு பெயர், பொருளின் தன்மையைக் குறிப்பதல்ல’ என்று அச்சிட வேண்டும். வீட்டில் இருக்கும் பாக்கெட்டுகளில் தேடிப் பாருங்கள், அந்த வரி கிடைக்கும். ‘பாட்டி’ கதை வேறு. சேலை கட்டிய பாட்டி படம், மண்சட்டி, விறகடுப்பு எல்லாம் முன்பக்கம். பின்பக்கம் பனியன் கம்பெனி மாதிரி ஒரு தொழிற்பேட்டை முகவரி இருக்கும்.

உண்மையாகவே இருந்து, ஆனால் எந்த அர்த்தமும் இல்லாத வாசகங்கள் இன்னும் தந்திரமானவை. கடலை எண்ணெய் பாட்டிலில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’. எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லத்தக்க அளவு கிடையாது. பக்கத்து பாட்டிலில் இருக்கிறது போல நினைக்க வைப்பதுதான் நோக்கம். ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்றால் சர்க்கரையே இல்லை என்று ஆகாது, பழத்தின் சர்க்கரை அப்படியே இருக்கும். அடர்சாற்றில் தண்ணீர் கலந்து செய்யும் பானத்தில் ‘100% பழச்சாறு’ என்று போடக்கூடாது என ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. அதுவரை எத்தனை வருடம் அதைப் படித்துக் குழந்தைகளுக்கு வாங்கினோம் என்று யோசியுங்கள்.

பின்பக்கத்தில் படிக்க நேரம் இல்லையென்றால் சேர்மானப் பட்டியலின் முதல் மூன்றை மட்டும் படியுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. பல தானிய பிஸ்கட்டில் முதலில் மைதா, இரண்டாவது சர்க்கரை என்றால் தானியங்கள் படத்தில்தான் அதிகம். ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று பொடி எழுத்தில் இருந்தால் அது ஐஸ்கிரீம் இல்லை, பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு. கோன் படம் என்னவோ ஒன்றுதான்.

சோப்பு எல்லாம் ஒண்ணுதானே? மணமும் கவரும்தானே வித்தியாசம்?

வித்தியாசம் உண்டு, கவரிலேயே எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. டி.எஃப்.எம். என்று மொத்தக் கொழுப்புப் பொருள் அளவு. குளியல் சோப்பில் முதல் தரத்துக்கு 76%, இரண்டாம் தரத்துக்கு 70%, மூன்றாம் தரத்துக்கு 60% குறைந்தபட்சம். ‘பேதிங் பார்’ என்று எழுதியிருந்தால் அது வேறு வகை, 40% இருந்தாலே போதும். முன்பக்கத்தில் நடிகை முகமும் பாதாம் படமும் இரண்டுக்கும் ஒன்றுபோல இருக்கும்.

பாண்டியில வாங்கினா எல்லாமே விலை கம்மிதானே சார்? போர்டுலயே ‘பாண்டி விலை’ன்னு போடுறாங்க.

ஒரு காலத்தில் நிஜம். வரி குறைவு என்பதால் டிவி, ஃபிரிட்ஜ் வாங்கக் கடலூர், விழுப்புரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்ததும் அதற்குள் வரும் பொருட்களுக்கு, மாநில எல்லைப் பக்கம் இருக்கும் ஆல்பேட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வரிதான். மது, பெட்ரோல், டீசல் போன்றவை ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பதால் அங்கே வித்தியாசம் தொடர்கிறது.

வரி போய்விட்டது, நம்பிக்கை போகவில்லை. அந்தப் பழைய நம்பிக்கையைத்தான் ‘பாண்டி விலை’ என்ற பலகை இன்றைக்கும் விற்றுக்கொண்டிருக்கிறது. பாண்டி நேரு வீதிக் கடையில் உண்மையாகவே மலிவாகக் கிடைக்கலாம். அது அந்தக் கடைக்காரர் விட்டுக்கொடுப்பது. கடலூர் லாரன்ஸ் ரோடு கடைக்காரரிடமும் அதே மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

மது விளம்பரத்துக்குத் தடை இருக்கு. அப்புறம் எப்படி அந்தப் பேரெல்லாம் பேனர்ல வருது?

சோடா, தண்ணீர் பாட்டில், கிளாஸ், பாட்டு சிடி என்று அதே பெயரில் இன்னொரு பொருளை விளம்பரம் செய்வார்கள். எழுத்து அதே, நிறம் அதே, குதிரையோ சிங்கமோ அதே. டிவியில் மது விளம்பரத்தை 1994ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகள் தடுக்கின்றன. இப்படிப்பட்ட பினாமி விளம்பரத்தை மேலே சொன்ன 2022 வழிகாட்டுதலும் தடுக்கிறது. அந்த சோடாவைக் கடையில் கேட்டுப் பாருங்கள், கிடைக்கிறதா என்று.

ஒயிட் டவுன் காஃபேல ஒரு காபி அந்த விலையா? அதுல என்ன இருக்கு?

காபியில் ஒன்றும் இல்லை. மஞ்சள் சுவர், போகன்வில்லா, நீலப் பலகையில் பிரெஞ்சு வீதிப் பெயர், மெனுவில் நாக்கில் நிற்காத ஒரு பிரெஞ்சுச் சொல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் விலை. தெரிந்து கொடுத்தால் அதில் தவறே இல்லை. கடற்கரைச் சாலைக்கு வந்தவர் காபி குடிக்க மட்டுமா வந்தார்?

மெனு அட்டையை மட்டும் வடிவமைப்பாளன் கண்ணால் பாருங்கள். பல இடங்களில் ‘ரூ.’ இருக்காது, வெறும் 280 என்று இருக்கும். பணக் குறி இல்லாவிட்டால் பணம் உறைக்காது. விலைகளை ஒரே நேர்க்கோட்டில் அடுக்காமல் ஒவ்வொரு விவரணையின் கடைசியில் ஒட்டியிருப்பார்கள், மேலிருந்து கீழே ஒப்பிட முடியாது. மேலே யாரும் வாங்காத விலையில் ஒரு தட்டு இருக்கும். அது விற்பதற்கு இல்லை, அடுத்ததை நியாயமாகக் காட்டுவதற்கு. ஆடித் தள்ளுபடிக் கேள்வியில் சொன்ன சக்கரம் இங்கேயும் சுற்றுகிறது.

பில்லில் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது வாடிக்கையாளர் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஜி.எஸ்.டி. வேறு, அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

‘சேதாரம் இல்லை’ன்னு நகைக்கடை விளம்பரம் பண்ணுதே, எங்க லாபம் பார்ப்பான்?

நல்ல கேள்வி, இதைக் கடையிலேயே கேளுங்கள். செய்கூலியில் இருக்கலாம், கிராம் விலையில் இருக்கலாம், கல்லையும் சேர்த்துத் தங்கமாக எடை போடுவதில் இருக்கலாம். அந்தச் சலுகை மெல்லிய, வேலைப்பாடில்லாத சில மாடல்களுக்கு மட்டும் என்றும் இருக்கலாம். ஒரு எண்ணைப் பூஜ்யம் என்று காட்டினால் மற்ற எண்களை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு கடையை ஒப்பிடும்போது சேதாரத்தை ஒப்பிடாதீர்கள். அதே எடை, அதே மாதிரி நகைக்குக் கடைசியில் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகையை எழுதி வாங்கி ஒப்பிடுங்கள்.

தூய்மைக்கு விளம்பரத்தை நம்பத் தேவையில்லை. நகையில் ஹெச்.யூ.ஐ.டி. என்ற ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி இருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்தது. ஹால்மார்க் கட்டாயமான நகைகளை 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் விற்க முடியாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் விவரம் வரும். 22 காரட் என்றால் 916 என்று இருக்க வேண்டும். அட்சய திருதியைக் கூட்டத்திலும் இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

‘பாண்டிக்கு மிக அருகில், 10 நிமிடத்தில்’னு மனை நோட்டீஸ் வருது. பத்திரம் பார்த்தா கடலூர் மாவட்டம்!

இந்தப் பகுதியில் எல்லை துண்டுதுண்டாகக் கிடக்கிறது. ஒரே சாலையில் கன்னியக்கோயில் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. நோட்டீஸ்காரருக்கு இது வசதி. ‘அருகில்’ என்பது மனை இல்லாத ஊரின் பெயரைச் சொல்லி விற்க உதவும் வார்த்தை. ‘10 நிமிடம்’ எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்று இருக்காது. வரைபடத்தில் ஈசிஆர் சாலை மனையை உரசிக்கொண்டு போகும், ஓரத்தில் ‘அளவுகோலின்படி அல்ல’ என்று இருக்கும். அந்த வரைபடங்களை என் மாதிரி ஆட்கள்தான் வரைகிறோம். நடுவில் இருக்கும் வயலையும் வாய்க்காலையும் எடுத்துவிட்டால் எந்த ஊரும் எந்த ஊருக்கும் பக்கம்தான்.

500 சதுர மீட்டருக்கு மேல் போகும் மனைத் திட்டம் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவாக வேண்டும். பதிவு எண்ணும் ரெரா இணையதள முகவரியும் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். விளம்பரத்தின் பொய்யை நம்பிப் பணம் கட்டியவர், வட்டியோடு திரும்பக் கேட்க 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதனால் நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள், பத்திரத்தோடு வையுங்கள். தங்கக் காசு இலவசம் என்பது பாதிப் பக்கத்துக்கு இருந்து, பதிவு எண் மட்டும் காணவில்லை என்றால் அதற்கு மேல் பேச வேண்டாம்.

வட்டியே இல்லாத தவணைன்னு செல்போன் கடையில தர்றானே. அதுலயும் ஏதாச்சும் இருக்கா?

யாரும் சும்மா கடன் தருவதில்லை. பூஜ்ய வட்டி என்று சொல்லி வங்கிகள் வட்டியை வேறு கட்டணத்தில் மறைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. இப்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்: வட்டி உண்டு, அந்த அளவு விலையில் தள்ளுபடியாகக் காட்டப்படும். ரொக்கம் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி உங்களுக்கு இல்லை. செயலாக்கக் கட்டணம் தனி, அதற்கு 18% ஜி.எஸ்.டி. தனி.

ரொக்கத்துக்கு என்ன விலை என்று முதலில் கேளுங்கள், பிறகு தவணையைப் பற்றிப் பேசுங்கள். 2024 அக்டோபர் முதல் இப்படிப்பட்ட புதிய கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும்.

ஆப்ல ‘இன்னும் 2 மட்டுமே’ன்னு சிவப்புல காட்டுது. நாளைக்குப் பார்த்தாலும் அதே 2!

போலி அவசரம் என்று அதற்குப் பெயர். 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டுதலில் இது மாதிரி 13 தந்திரங்கள் பட்டியலிடப்பட்டு, தடை செய்யப்பட்டிருக்கின்றன. கேட்காமல் கூடையில் நன்கொடையோ காப்பீடோ சேர்ப்பது, சேர ஒரு அழுத்தும் விலகப் பத்து அழுத்தும் வைப்பது, கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் முளைப்பது எல்லாம் அதில் அடக்கம். ‘வேண்டாம், எனக்குச் சேமிக்க விருப்பமில்லை’ என்று நம்மையே குற்றவாளியாக்கும் பொத்தானும் உண்டு. இவற்றில் வார்த்தையைவிட வடிவமைப்பே குற்றம் செய்கிறது. ‘ஆம்’ பளிச்சென்ற பச்சையில், ‘இல்லை’ வெளிர் சாம்பலில்.

ரீல்ஸ்ல நம்ம ஊர்ப் பொண்ணு ஒரு கிரீமைச் சொல்லுச்சு, வாங்கினேன். அதுமேல கேஸ் போட முடியுமா?

காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் ரூ.10 லட்சம் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் ரூ.50 லட்சம் வரை. பரிந்துரைப்பவர் ஓராண்டு வரை வேறு எதற்கும் விளம்பரம் செய்யத் தடை விதிக்கலாம், மறுபடியும் என்றால் மூன்றாண்டு வரை. சொல்வதைச் சரிபார்த்துவிட்டுத்தான் பேசினேன் என்று அவர் காட்டினால் தப்பிக்கலாம். சர்க்கரை நோய் குணமாகும் என்று மருந்து விற்றால் அது இன்னும் மோசம். 1954ஆம் ஆண்டுச் சட்டமே அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது.

நானே பண்ருட்டி முந்திரி பாக்கெட் போட்டு விக்கிறேன். இந்த வித்தையெல்லாம் நானும் பண்ணலாமா?

பண்ணுங்கள், பண்ணாமல் விற்க முடியாது. எதைச் செய்யலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: பின்பக்கத்தைப் படித்து முடித்த பிறகும் வாங்குபவருக்கு முன்பக்கம் உண்மையாகத் தெரிய வேண்டும். பருப்பு தெரியும்படி ஜன்னல் வையுங்கள், ஆனால் ஜன்னல் ஓரத்தில் முழுப்பருப்பும் உள்ளே உடைசலும் வேண்டாம். முந்திரிக்குத் தரம் இருக்கிறது. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், 320 பருப்பு வரை. டபிள்யூ 240 அதைவிடப் பெரியது. ‘பிரீமியம்’ என்று போடுவதற்குப் பதில் இந்த எண்ணைப் பெரிதாகப் போட்டு, கீழே ஒரு வரியில் விளக்குங்கள். தெரிந்தவர் மதிப்பார், தெரியாதவர் தெரிந்துகொள்வார்.

பண்ருட்டி என்று பெரிதாகப் போட்டுவிட்டு வெளிநாட்டுக் கொட்டையை உடைத்து அடைப்பவர்களும் உண்டு. உங்களுடையது உள்ளூர்க் கொட்டை என்றால் அதையே தெளிவாகச் சொல்லுங்கள், அதுவே பெரிய விளம்பரம்.

வீடு கடலூர், வாங்கினது பாண்டி. ஏமாந்தா எங்க போறது?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினார்கள், எடை குறைவு என்றால் கடை இருக்கும் இடத்து அதிகாரிகள்: தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையிடம் இருக்கிறது, புதுச்சேரிக் கடை என்றால் அங்குள்ள எடையளவுத் துறையிடம் போக வேண்டும்.

வழக்கு என்றால் கடை இருக்கும் ஊருக்குத்தான் போக வேண்டும் என்பது பழைய சட்டம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், அதனால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும், ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில் மட்டும் இருந்தால் பொருளை வாங்கினீர்கள் என்றுதான் நிரூபணம் ஆகும், என்ன சொல்லி விற்றார்கள் என்பதற்கு விளம்பரம் வேண்டும். ஆடி முடிந்தால் பேனரைக் கழற்றிவிடுவார்கள், ஆப்பில் பக்கத்தை மாற்றிவிடுவார்கள். அதனால் வாங்கும் அன்றைக்கே, நட்சத்திரக் குறியும் பொடி எழுத்தும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.